கையேட்டின் கொல்லைப்புறம்

திருப்பூர் மாவட்டச் சுற்றுலாத் தலங்கள் என்று போட்ட எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் அமராவதி நகருக்கு நாலு வரி ஒதுக்கியிருப்பார்கள். அணை, பூங்கா, முதலைப் பண்ணை, படகு சவாரி, உடுமலையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர், முற்றும். அடுத்த பத்தியில் திருமூர்த்தி மலையும் பஞ்சலிங்க அருவியும் வந்து நின்றுவிடும். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எனக்கு மட்டும் அங்கேயே மூளை மாட்டிக்கொள்ளும். இதை எழுதினவர் யார்? நேரில் வந்தாரா, மேசையிலேயே முடித்துவிட்டாரா? வந்தார் என்றால் எந்த மாதம்? மீன் சாப்பிட்டாரா இல்லையா? அந்த இருபத்தைந்தை அளந்தது யார்?

ஊர் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரகம். ஊருக்கு வழிசொல்லும் புத்தகம் எப்படித் தயாராகிறது என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம், அதிலும் முற்றிய கேஸ். அந்த நாலு வரியை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருப்பூரில் பஸ் ஏறிவிட்டேன். சனிக்கிழமை சம்பளம் வாங்கின பனியன் கம்பெனிப் பட்டாளம் பாதி பஸ்ஸை நிறைத்திருந்தது. பல்லடம் தாண்டி, குடிமங்கலம் பக்கம் காற்றாலைகள் கைவீசிக்கொண்டிருக்க, உடுமலையில் இறங்கி வேறு பஸ் மாறினேன்.

முதல் வேலை, கிலோமீட்டர். கண்டக்டரிடமே கேட்டேன்.

“ஏனுங்கண்ணா, அமராவதிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டருங்களா?”

அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். “எங்கிருந்துங்க? பஸ் ஸ்டாண்டுல இருந்துங்களா, ரயில்வே ஸ்டேசன்ல இருந்துங்களா? டேமுக்குங்களா, ஊருக்குங்களா? செக்போஸ்ட் வரைக்குங்களா?”

எனக்கு எழுந்து குதிக்கவேண்டும் போல இருந்தது. கையேடு எழுதும் தொழிலின் மொத்தப் பாடத்தையும் சில்லறை கொடுக்கிற நேரத்தில் அந்த மனிதர் நடத்திவிட்டார். தூரம் என்பது எங்கிருந்து எங்கே என்று சொன்னால்தான் தூரம். ‘நகரிலிருந்து’ என்று எழுதுகிறவர் பெரும்பாலும் வேறொரு புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவு விஷயத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. ஜெர்மனிக்காரர் கார்ல் பேடெக்கர். 1827-ல் புத்தகக் கடை தொடங்கினவர். பின்னாளில் கையேடு என்றாலே பேடெக்கர் என்று ஐரோப்பா சொல்லும்படி ஆனது. அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மிலான் பேராலயத்தின் மாடிப்படிகளை அவர் ஏறும்போது, இருபது படிக்கு ஒரு பட்டாணியை ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பைக்கு மாற்றினாராம். உச்சிக்குப் போனதும் பட்டாணியை எண்ணி இருபதால் பெருக்கினால் படிக்கணக்கு. அடுத்த முறை ஏதாவது புத்தகத்தில் ‘இத்தனை படிகள்’ என்று பார்த்தால், எழுதினவர் பையில் பட்டாணி இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆளின் பெயரை, கையேட்டில் சிறந்த இடங்களுக்குப் போடும் நட்சத்திரக் குறியோடு சேர்த்து, இன்னொரு கொடுமையான இடத்திலும் இழுத்தார்கள். 1942-ல் ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் பழைய அழகான நகரங்களாகப் பார்த்துக் குண்டு போட்டபோது, பேடெக்கர் கையேட்டில் நட்சத்திரம் வாங்கிய கட்டடங்களையெல்லாம் இடிப்போம் என்று ஜெர்மானிய அதிகாரி ஒருவர் பேசி வைத்தார். ‘பேடெக்கர் குண்டுவீச்சு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அப்போது கார்ல் உயிரோடு இல்லை. நல்லவேளை.

குறிச்சிக்கோட்டை, மானுப்பட்டி எல்லாம் தாண்டியதும் ஆனைமலை மெல்ல மெல்ல ஜன்னலை அடைத்துக்கொண்டது. இந்தச் சாலை அப்படியே போனால் ஒன்பதாறு செக்போஸ்ட், சின்னார், மறையூர், மூணாறு. யானை குறுக்கே நின்றால் பஸ் நிற்கும், கார் நிற்கும், எல்லாம் நிற்கும். நாலு வரியில் யானை கிடையாது.

அணைக்கு வந்தாயிற்று. 1957-ல் காமராஜர் ஆட்சியில் கட்டி முடித்த அணை. நீர்மட்டம் 90 அடி, கொள்ளளவு 4 டிஎம்சி, பாசனம் திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 54,637 ஏக்கர். இந்த எண்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பொதுப்பணித்துறை எழுதிக் கொடுத்ததை இறக்கி வைப்பதில் யாருக்கும் கஷ்டம் இல்லையே! எழுத மறந்தது தண்ணீரின் ஊரை. இங்கே நிற்கிற தண்ணீரில் பெரும்பங்கு கேரளத்திலிருந்து வருவது. கேரளத்து ஆறுகள் எல்லாம் மேற்கே அரபிக்கடலுக்கு ஓட, மூன்றே மூன்று மட்டும் கிழக்கே திரும்பி நம் பக்கம் வருகின்றன. கபினி, பவானி, பாம்பாறு. அந்தப் பாம்பாறுதான் காந்தளூர், மறையூர்ப் பக்கமாக இறங்கி, சின்னாறு, தேனாறு சேர்ந்து, அமராவதி அணையில் வந்து அமர்கிறது. கரூர்ப் பக்கம் போய்க் காவிரியில் கலக்கிறது. ஒரே ஒரு வரி போதும், அணைச் சுவரில் சாய்ந்து நிற்கிறவனுக்கு நிற்கிற இடம் பிடிபட்டுவிடும். அந்த ஒரு வரிக்குத்தான் இடமில்லாமல் ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று போட்டுவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் மிக மலிவான சரக்கு அந்த எழில்.

புகைப்படம் பற்றிய உள்விஷயம் ஒன்றையும் போட்டு உடைத்துவிடுகிறேன். அணைப் படங்கள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்தவை. தண்ணீர் ததும்பும், மலை பச்சையாக இருக்கும். புத்தகம் வாங்குகிறவர் கிளம்புவதோ பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த பிறகு, சித்திரையில். வந்து பார்த்தால் வெடித்த வண்டல், நடுவில் ஒரு நீலப் பட்டை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்துவார். யாரும் ஏமாற்றவில்லை. படத்துக்குக் கீழே மாதத்தைப் போட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான். அதை யாரும் போடமாட்டார்கள். போட்டால் சித்திரையில் புத்தகம் விற்காது.

அப்புறம் மீன். அமராவதிக்குப் போய் மீன் சாப்பிடாமல் வந்தேன் என்று சொல்கிறவரை நான் நம்புவதில்லை. மசாலா தடவின மீன் வரிசையாக அடுக்கியிருக்க, பக்கத்தில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்கார அக்காவிடம் நோட்டுப் புத்தகத்தோடு நின்றேன்.

“இது என்ன மீனுங்கக்கா?”

“ஜிலேபிங்க. நம்ம டேம் மீனுதான், காத்தால புடிச்சது.”

“விலை எழுதிக்கட்டுங்களா?”

அக்கா கரண்டியை நிறுத்திவிட்டார். “புஸ்தகத்துலயா? வேண்டாஞ் சாமி. நாளைக்கு எண்ணெய் வெலை ஏறுச்சுன்னா, புஸ்தகத்துல இப்படிப் போட்டிருக்குதேன்னு வந்து எங்கிட்ட மல்லுக்கு நிப்பாங்க.”

ஆஹா! இதே சிக்கலில் ஆர்தர் ஃப்ரோமர் என்ற அமெரிக்கர் எப்படி மாட்டினார் தெரியுமா? 1957-ல், அதாவது நம் அணை திறந்த அதே ஆண்டில், ‘ஒரு நாளைக்கு 5 டாலரில் ஐரோப்பா’ என்று புத்தகம் போட்டார். சக்கைப்போடு போட்டது. விலையைத் தலைப்பிலேயே வைத்துவிட்டதால் பிறகு வந்த பதிப்புகளில் 5 போய் 10 ஆகி, அதற்கும் மேலே போய், தலைப்பே பணவீக்கத்தின் வரலாறாகிவிட்டது. அக்கா அந்தத் தவறைச் செய்யவில்லை. அக்காவை ஏதாவது பதிப்பகம் ஆலோசகராக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கூத்து, ‘நம்ம டேம் மீன்’ என்று நாம் உரிமை கொண்டாடும் ஜிலேபி ஆப்பிரிக்காக்காரர். 1952-ல்தான் இந்தியாவுக்கு வந்தது. அணைக்கு ஐந்து வயது மூப்பு. கேரளத்துத் தண்ணீரில் ஆப்பிரிக்க மீன், கொங்கு நாட்டு மிளகாய்ப்பொடி. உள்ளூர்ச் சிறப்பு என்று கையேடுகள் எழுதுவதையெல்லாம் இப்படி லேசாகச் சுரண்டிப் பார்க்கவேண்டும், என்ன சுவாரசியம் வருகிறது பாருங்கள்.

இனி முதலைப் பண்ணை. கையேட்டில் இதற்கு இரண்டே சொல். நானோ கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அசையவே இல்லை. அவையும் அசையவில்லை. அதுதான் விஷயமே. வெயிலில் வாயை ‘ஆ’வென்று பிளந்து கிடக்கும் முதலை கோபமாக இருக்கிறது என்று ஒரு தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை. முதலைக்கு வியர்க்காது, சூட்டை வாய்வழியாகத்தான் வெளியே விடுகிறது. இந்தியாவில் முதலைகள் அருகிப்போய், 1975-ல் காப்புத் திட்டம் தொடங்கிய கையோடு, 1976-ல் வனத்துறை இங்கே பண்ணை வைத்தது. அணையின் கரையோரக் குழிகளிலிருந்து முட்டைகளை எடுத்து வந்து, பொரிக்கவைத்து, வளர்த்து, ஒரு பகுதியைத் திரும்பக் காட்டு நீரில் விட்டார்கள். முட்டையில் இருப்பது ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது தாய் தந்தை அல்ல, மணலின் சூடு. ஒன்றிரண்டு டிகிரி மாறினால் குடும்பமே பெண்ணாகிவிடும். இவ்வளவு இருக்கிறது ஐயா அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால்!

இங்கே இருப்பது சதுப்பு முதலை என்ற இனம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்று பெயரை அடுக்கியிருக்கிறார். நம் நாட்டில் இன்றைக்கும் மூன்று இனங்கள்தான். சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, வடக்கே கங்கைப் பக்கம் நீள மூக்கு கரியால். எது எதற்கு என்று புலவர்கள் சண்டை போடட்டும், கணக்கு பொருந்துவது எனக்குப் போதும்.

ஆனால் கையேட்டுக்காரர் விட்டுவிட்ட மிக முக்கியமான செய்தி வேறு. பண்ணையில் இருப்பவை கம்பிக்கு அந்தப் பக்கம். அணையில் இருப்பவைக்குக் கம்பி கிடையாது. நீர்த்தேக்கத்தில் காட்டு முதலைகள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. கரையில் இறங்கிக் கால் நனைக்கலாமா, துணி துவைக்கலாமா, குழந்தையைக் குளிப்பாட்டலாமா? கூடாது. இந்த ஒரு சொல் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் படவில்லை. பூங்காவில் ஊஞ்சல் இருப்பது மட்டும் தவறாமல் வருகிறது.

இந்த இடத்தில்தான் நம் பழைய ஆட்களை நினைத்து நான் சிலிர்த்துப்போகிறேன். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை, அதாவது பரிசு பெற்று வந்தவன் பெறப்போகிறவனுக்கு வழிசொல்லும் பாட்டு. அதில் மலைபடுகடாத்தை எடுங்கள். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. நன்னன் என்ற சிற்றரசனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு அவர் சொல்லும் வழி, இன்றைக்கு எந்தப் பயணக் கையேட்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பார்த்து நட. பாம்பு வளை இருக்கிறது, ஜாக்கிரதை. தினைப்புனக் காவலர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கு. பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள். இருட்டிவிட்டால் நடக்காதே, குகையில் தங்கு. எந்த ஊரில் என்ன சோறு போடுவார்கள், அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன, எல்லாம் வரிசையாக வருகிறது. எங்கே கடிபடுவாய், எங்கே சாப்பாடு கிடைக்கும். வழிப்போக்கனுக்கு இந்த இரண்டையும் சொல்லாத புத்தகம் எதற்கு? எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது.

இப்போது இருபதாம் நூற்றாண்டுக்குத் தாவி, கோட்டையூர்க்காரர் ஒருவரின் பின்கட்டுக்குள் நுழைவோம். அ. கருப்பன் செட்டியார், அதாவது ஏ.கே. செட்டியார். பிறந்தது 1911. ரங்கூனில் ‘தனவணிகன்’ பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். ஊர் ஊராகப் போனார், போன ஊரையெல்லாம் எழுதினார். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று புத்தகத்துக்குத் தலைப்பு வைக்கப்போய் அதுவே அவருக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. (எம்.ஜி.ஆர். எடுத்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973-ல் வந்தது. அந்தப் படப்பிடிப்புக்குக் கடல் தாண்டிப்போன கதையை ‘திரைகடலோடி திரைப்படம் எடுத்தோம்’ என்று அவரே பொம்மை இதழில் தொடராக எழுதினார். படத்தைவிட எனக்கு அந்தத் தொடர் பிடிக்கும். பின்கட்டு வியாதி!)

1937 அக்டோபர் 2. காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து போகும் சமாரியா என்ற கப்பலில் செட்டியார் பயணம் செய்துகொண்டிருந்தார். காந்தியைப் பற்றி ஒரு முழுநீளச் செய்திப்படம் எடுத்தால் என்ன என்று அங்கே, நடுக்கடலில், அவருக்குத் தோன்றியது. தோன்றினால் தூங்கி எழுந்து மறந்துவிடும் நம்மைப் போன்ற ஆள் இல்லை. உலகம் முழுக்க யார் யாரோ எடுத்துக் கிடங்குகளில் கிடந்த காந்திப் படத்துண்டுகளைத் தேடி அலைந்தார். முப்பது ஆண்டுகளில் நூறு பேர் எடுத்த படங்கள், ஐம்பதாயிரம் அடி. அதைப் பன்னிரண்டாயிரம் அடியாக வெட்டினார். அதற்காக அவர் சுற்றிய தூரம் சுமார் ஒரு லட்சம் மைல் என்பார்கள். 1940 ஆகஸ்டில் சென்னையில் படம் திரைக்கு வந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி, காந்தி படம், என்ன ஆகுமோ என்ற பயத்திலேயே பிரதிகளை ஒளித்து ஒளித்து வைக்கவேண்டியிருந்தது.

அந்த அலைச்சலைப் பிறகு அவர் தாம் நடத்திய குமரி மலர் இதழில் எழுதினார். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற பெயரில் அது புத்தகமாகக் கிடைக்கிறது. படித்துப் பாருங்கள், திரைக்குப் பின்னால் நடந்ததை எழுதுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தார், என்ன பதில் சொன்னார்கள், அடுத்து எங்கே போனார். குட்டிக் குட்டி வாக்கியங்கள். ‘நான்’ எட்டிப் பார்ப்பதே அபூர்வம். தன் படத்தை எங்கும் போட்டுக்கொள்ளாத மனிதர். இன்றைக்குப் பயண எழுத்து என்ற பெயரில் வருவதில் ஊர் கால்பங்கு, எழுதுகிறவரின் கூலிங் கிளாஸ் முக்கால்பங்கு. செட்டியாரிடம் ஊர் முழுப்பங்கு.

அவருடைய இன்னொரு வேலை எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ‘தமிழ்நாடு: பயணக் கட்டுரைகள்’ என்று 1968-ல் ஒரு தொகுப்புப் போட்டார். தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றி முன்னோர்கள் பழைய பத்திரிகைகளில் எழுதி, எல்லோரும் மறந்துபோன கட்டுரைகளைத் தேடிப்பிடித்துச் சேர்த்தார். உலகத்தையே சுற்றி முடித்தவர், மற்றவர்கள் தம் ஊரைச் சுற்றினதைச் சேகரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! குமரி மலரை 1943-ல் தொடங்கி 1983-ல் கண்மூடும் வரை நடத்தினார்.

அவருக்குப் பத்து வயது இளையவர் சோமலெ. நெற்குப்பைக்காரர். இவரும் உலகம் சுற்றி எழுதினார், ஆனால் இவருடைய பெரிய காரியம் மாவட்ட வரிசை. ஆறு, அணை, பயிர், ஆலை, சந்தை, கோயில், பெயர்பெற்ற மனிதர் என்று ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு புத்தகம். அதில் கோயம்புத்தூர் மாவட்டமும் உண்டு. அந்தக் காலத்தில் உடுமலையும் அமராவதியும் கோவை மாவட்டம். திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-ல்தான். இங்கேதான் தொழில் ரகசியம் பல்லிளிக்கிறது. 2009-க்கு அப்புறம் வந்த சில புத்தகங்களிலும் அமராவதி அணை ‘கோவை மாவட்டம்’ என்றே கிடக்கிறது. ஏன்? முந்தைய புத்தகத்தைப் பார்த்து இந்தப் புத்தகம், இந்தப் புத்தகத்தைப் பார்த்து அடுத்த புத்தகம்.

இந்தப் பார்த்து எழுதும் வியாதிக்கு வைத்தியம் செய்யப்போய் அமெரிக்காவில் ஓர் ஊரே முளைத்த கதை தெரியுமா? 1930-களில் ஒரு வரைபடக் கம்பெனிக்காரர்கள், தங்கள் படத்தைத் திருடினால் கண்டுபிடிப்பதற்காக, நியூயார்க் மாநிலத்தில் மண்சாலைச் சந்திப்பு ஒன்றில் ‘அக்லோ’ என்று இல்லாத ஊரைப் போட்டு வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து வேறொரு கம்பெனியின் வரைபடத்தில் அக்லோ தென்பட்டது. பிடித்தோம் திருடனை என்று பாய்ந்தார்கள். அந்தக் கம்பெனி சொன்னது: அங்கே அக்லோ என்ற பெயரில் ஒரு மளிகைக்கடை இருக்கிறதே! ஆமாம், இருந்தது. வரைபடத்தில் ஊர்ப்பெயரைப் பார்த்த ஒருவர் அதையே கடைக்கு வைத்துவிட்டார். எனக்கு இந்தக் கதையை நினைத்தால் பஸ்ஸில் தனியாகச் சிரிப்பு வரும்.

போகாமலே எழுதுகிறவர்களும் உண்டு. 2008-ல் லோன்லி பிளானட் எழுத்தாளர் ஒருவர், கொலம்பியா கையேட்டில் தன் பெயர் இருக்கிறது, ஆனால் தான் கொலம்பியாவுக்கே போகவில்லை என்று போட்டு உடைத்தார். போகிற அளவுக்குப் பணம் தரவில்லை என்றார். அவருக்குக் கொடுத்தது வரலாற்றுப் பகுதி, அதற்குப் போகவேண்டிய அவசியமில்லை என்று நிறுவனம் பதில் சொன்னது. யார் பக்கம் நியாயமோ, கையேட்டு வாசகர்கள் பலருக்கு வயிறு கலங்கியது நிஜம். இத்தனைக்கும் அந்த நிறுவனம் தொடங்கியதே நேரில் ஊர் ஊராக அலைந்து. லண்டனிலிருந்து ஆசியா வழியாகத் தரைமார்க்கமாக வந்த டோனி, மோரீன் வீலர் என்ற இளம் தம்பதி 1972 கடைசியில் சிட்னி போய்ச் சேர்ந்தபோது கையிருப்பு 27 சென்ட். பார்க்கிறவர்களெல்லாம் எப்படி வந்தீர்கள் என்று கேட்க, 1973-ல் சமையலறை மேசையில் வைத்துத் தைத்த சின்னப் புத்தகம்தான் முதல் கையேடு. 1981-ல் இந்தியாவுக்குத் தனிப் புத்தகம் வந்தது.

இதைவிடப் பலே கில்லாடிகள் மிஷ்லின் சகோதரர்கள். பிரான்சில் டயர் வியாபாரம். 1900-ல் மொத்தமே மூவாயிரத்துக்கும் குறைவான கார்கள் ஓடின. அந்த நாட்டில் 35,000 பிரதி கையேடு அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். ஜனங்கள் ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்? தேய்ந்தால்தானே புதிது வாங்குவார்கள்? இன்று உலகத்து ஓட்டல் முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுக்கும் நட்சத்திரங்கள் முளைத்த இடம் டயர்க் கடை. திருப்பூரில் யாராவது பனியன் தேய்கிற மாதிரி ஒரு கையேடு போட்டால் நான் எழுதித் தரத் தயார்.

அமராவதிக்குத் திரும்புவோம், படகு பாக்கி இருக்கிறது. ‘படகு சவாரி உண்டு’ என்பதுதான் அந்த நாலு வரியில் ரொம்ப ஆபத்தான சொற்றொடர். படகு ஓடும் காலமும் உண்டு, கட்டிப்போட்ட காலமும் உண்டு, தண்ணீர் இறங்கிப்போன காலமும் உண்டு. குழந்தைகளைப் படகுக்கென்றே கூட்டி வந்து ஏமாந்த ஒரு குடும்பம், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் பிரித்துக்கொண்டிருந்தது. அணை நூறு ஆண்டு இருக்கும், மலை என்றைக்கும் இருக்கும், படகு நேற்று இருந்தது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கமா போட்டு எழுதுவது வாசகனுக்குச் செய்கிற துரோகம். கெட்டுப்போகும் செய்திக்குத் தேதி போடவேண்டும், பால் பாக்கெட்டில் போடுகிற மாதிரி.

நாலு வரிக்குள் வராமலே போனது இன்னொன்று, அமராவதி நகரின் சைனிக் பள்ளி. 1962 ஜூலையில் தொடங்கியது. ராணுவ அதிகாரிகளாகப் போக விரும்பும் பிள்ளைகள் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து இங்கே வந்து தங்கிப் படிக்கிறார்கள். 2021-22 முதல் சைனிக் பள்ளிகளில் பெண்பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கப் பெட்டி படுக்கையோடு வருகிற அப்பா அம்மாக்கள்தான் இந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப வருகிற பயணிகள். எங்கே தங்குவது, கடைசி பஸ் எப்போது, நல்ல சாப்பாடு எங்கே என்று அவர்களுக்குத்தான் உண்மையில் ஒரு கையேடு வேண்டும். யாரும் எழுதவில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை முதலைக்கு முன்னால் செல்ஃபி எடுக்கும் பையன்களுக்கும் யாரும் எழுதவில்லை. கையேடு எழுதுகிறவன் மனசில் எப்போதும் காரில் வரும் ஒரு குடும்பம் இருக்கிறது. அணைக்கு நான் வந்த பஸ்ஸில் அந்தக் குடும்பம் இல்லை.

மலைபடுகடாத்தில் ஓர் அறிவுரை வருகிறது. முன்பின் தெரியாத கிளைவழிகளில் போகும்போது, பின்னால் வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போ என்கிறார் புலவர். பேடெக்கரும் தம் வாசகர்களைத் தவறு கண்டால் எழுதச்சொல்லிக் கேட்டு வாங்கினார்.

ஆகையால் வாசகர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை அமராவதிக்கோ வேறு எந்த ஊருக்கோ கையேட்டோடு போனால், எது பொய்த்தது, எது மாறியது, எதை விட்டுவிட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே நீங்கள் போன தேதியைப் போடுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே பதிப்பகத்தின் முகவரி இருக்கும், ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். அரசு வெளியீடு என்றால் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதுங்கள். அமராவதி என்றால் முதல் வரியாக இதை எழுதுங்கள்: அணைத் தண்ணீரில் முதலை இருக்கிறது, இறங்காதீர்கள்.